"வெப்பத்தைக் கூட்டட்டா, மாமா?": அச்சில் அழுத்திய வில்லைகளில் பிழை தேடும் முறை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தை அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே பிழைபட்ட கண்ணாடி வில்லைகள் நூற்றுச் சொச்சம், ஒவ்வொன்றும் சின்னப் பிளாஸ்டிக் பையில். கொரியாவில் வில்லை அழுத்தும் இடம் ஒன்றில் ஒன்பது வருடம் நின்றபோது, குப்பைக்குப் போகவிருந்தவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். இப்போது அக்காவின் மகன் அதே நாட்டில், வேறொரு இடத்தில், அதே வேலையில் நிற்கிறான். இங்கே இரவு எட்டரை ஆகும்போது அங்கே நள்ளிரவு. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பின்னாலேயே கேள்வியும் வரும்: "வெப்பத்தைக் கூட்டட்டா, மாமா?"

கூட்டாதே என்பதுதான் பெரும்பாலும் என் பதில். வெப்பத்தைக் கூட்டினால் அநேகமாக எந்தப் பிழையும் அன்றைக்குக் கொஞ்சம் அடங்கும். கண்ணாடி இளகும், அச்சு நிரம்பும், மேற்பார்வையாளர் முகம் மலரும். அடுத்த கிழமை அச்சின் பூச்சு போய்விடும். அப்போது யார் கூட்டியது என்று யாருக்கும் ஞாபகம் இராது. அவனுக்கு இரவிரவாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

வேலை புதிதானவர்களுக்கு நாலு வரி. மெருகிட்ட கண்ணாடி உருண்டை ஒன்றைக் கீழச்சில் வைக்கிறோம். மேலச்சு அதன்மேல். இரண்டையும் ஒரே கோட்டில் பிடிக்க வெளியே ஒரு சிலீவ், அதாவது குழாய் போன்ற உறை. அறைக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு நைதரசன் விட்டு, அகச்சிவப்பு விளக்கால் சூடாக்குகிறோம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அது இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. ஓகாரா கம்பனியின் எல்-பால்42 என்ற கண்ணாடிக்கு அது 506 பாகை செல்சியஸ், ஷொட் கம்பனியின் பி-எஸ்கே57க்கு 493. அச்சில் அழுத்துவதற்கென்றே தாழ்ந்த வெப்பத்தில் இளகும்படி செய்த வகைகள் இவை. வில்லை வேலையில் எல்லோரும் அறிந்த என்-பிகே7 கண்ணாடி அந்த நிலைக்கு வர 557 வேண்டும். அதற்குமேல் சில பத்துப் பாகை போய் அழுத்துகிறோம். பிறகு சிறு பாரத்தை எடுக்காமலே மெதுவாகக் குளிரவிட்டு, அந்த நிலைக்குக் கீழே வந்தபின் கெதியாகக் குளிர்த்தி, 200 பாகை அளவில் வெளியே எடுக்கிறோம். அதற்குப் பிறகு அந்த முகத்தில் தேய்ப்பும் இல்லை, மெருகும் இல்லை. அச்சில் இருப்பதுதான் வில்லை. 1982இல் கொடாக் தன் டிஸ்க் கமராவுக்குள் அழுத்திய கோளமல்லாக் கண்ணாடி வில்லையைப் பெருந்தொகையாக வைத்தது. அன்றைக்கும் சங்கதி இதுதான்.

மெசினைத் தொட முதல்

அடுத்தடுத்து வந்த ஐந்து வில்லைகளை வந்த ஒழுங்கிலேயே கறுப்புத் துணியில் வரிசையாக வை. பத்து மடங்கு உருப்பெருக்கியும் சின்ன டோர்ச்சும் காணும். டோர்ச்சை மேலிருந்து அடிக்காதே, பக்கவாட்டில் சரித்து அடி. பிழை ஐந்திலும் ஒரே இடத்தில் நின்றால் அச்சைப் பார். இடம் மாறி மாறி வந்தால் தூசு, அல்லது உருண்டை. முதலாவதில் சிறிதாய் இருந்து ஐந்தாவதில் பெரிதானால் பூச்சு போகிறது, அல்லது அச்சில் ஏதோ படிகிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் முதல் இரண்டு வருடமும் இதைச் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் ஒருவரும் இருக்கவில்லை.

நடுத்தடிப்பை அளந்து எழுது. உருண்டையின் நிறையையும் எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றிச் சரிவந்தால் எதனால் சரிவந்தது என்று உனக்கே தெரியாது.

விளிம்பு நிரம்பவில்லை

போன மாதம் வந்த படம் இது. வில்லையின் ஓரத்தில் பிறை போல ஒரு பகுதி அச்சைத் தொடாமல், உருண்டையின் பழைய மினுக்கத்தோடு அப்படியே நின்றது. வெப்பம் போதாது என்பதுதான் அவன் கணிப்பு. நடுத்தடிப்பு என்ன என்று கேட்டேன். அளக்கவில்லையாம்.

நடுத்தடிப்பு வரைபடத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் அழுத்தம் முடியவில்லை. கண்ணாடி ஓடப் போதிய நேரமோ பாரமோ இளக்கமோ கிடைக்கவில்லை. நடுத்தடிப்பு சரியாக வந்தும் விளிம்பு வெறுமையாக இருந்தால் கண்ணாடியே காணாது. இல்லாத கண்ணாடியை எந்த வெப்பமும் கொண்டுவராது. அவன் அளந்தான், தடிப்புச் சரி. தட்டில் இருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக நிறுக்கச் சொன்னேன். இரண்டு தொகுதி உருண்டைகள் ஒரே தட்டில் கலந்து கிடந்தன.

அழுத்தம் முடியாத வகை என்றாலும் முதலில் பாகையைத் தொடாதே. திரையில் காட்டும் எண், தேர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி இருக்கும் இடத்தின் வெப்பம். கண்ணாடி அதற்குப் பின்னால்தான் சூடேறி வருகிறது. திரை சொன்னதை நம்பிக் கெதியாக அழுத்தினால் உருண்டையின் நடு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். அழுத்த முதல் காத்திருக்கும் நேரத்தை அரை நிமிடம் கூட்டிப் பார். பிறகு அழுத்தும் நேரத்தைக் கூட்டு. அழுத்தும் நிலையில் உள்ள கண்ணாடிக்குப் பத்துப் பாகை கூடினாலே பிசுக்குமை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு பெரிய ஆயுதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். நேரம் கூடினால் நாளுக்கு வரும் எண்ணிக்கை குறையும், ஏச்சு விழும். விழட்டும், அச்சின் விலை அதைவிடப் பெரிது.

மூடிய அச்சில் இதன் மறுபக்கமும் உண்டு. உருண்டை பெரிதானால் மிஞ்சிய கண்ணாடி போக இடமில்லாமல் நடுத்தடிப்பு ஏறும், சிலீவ் இடுக்கில் மெல்லிய செதில் போல விளிம்பு பிதுங்கும். அதை அழுத்தம் போதாது என்று எண்ணிப் பாரத்தைக் கூட்டியவர்கள் சிலீவை வெடிக்கவைத்திருக்கிறார்கள்.

நடுவில் வழுவழுப்பான குழி

தூசு அழுத்திய குழியும் வாயு அடைபட்ட குழியும் உருப்பெருக்கியில் வேறு வேறு. தூசுக்குழி கூரான ஓரத்தோடு, ஒழுங்கில்லாமல் இருக்கும். வாயுக்குழி வட்டமாக, பளபளவென்று, அடித்தளம் உருண்டையின் மினுக்கத்தோடு இருக்கும். கண்ணாடி அங்கே அச்சைத் தொடவே இல்லை.

காரணம் வளைவு. குழிந்த அச்சுக்குள் உருண்டை வைத்தால் தொடுகை நடுவில் தொடங்கி வெளியே பரவவேண்டும், அப்போதுதான் வாயு ஓரத்தால் வெளியேறும். அச்சின் வளைவாரை 4 மி.மீ. என்று வை. 9 மி.மீ. விட்ட உருண்டையின் ஆரை 4.5. அது ஓரத்தில் வளையமாகப் போய்க் குந்தும், நடுவில் உள்ள வாயுவுக்குக் கதவு பூட்டியாயிற்று. 7 மி.மீ. உருண்டையின் ஆரை 3.5, அது நடுவில் தொடும்.

அப்படியென்றால் சின்ன உருண்டை போட்டால் சரிதானே என்று கேட்டான். கணக்குப் பார்த்தோம். 9 மி.மீ. உருண்டையில் 382 கன மி.மீ. கண்ணாடி, 7 மி.மீ. உருண்டையில் 180 மட்டும். வில்லைக்குத் தேவையான கண்ணாடியில் பாதிகூட இல்லை. இந்த நிலையில் உருண்டை வேலைக்கு ஆகாது. நடுவில் கூரிய வளைவு வைத்துத் தேய்த்து மெருகிட்ட துண்டைத்தான் கேட்டு வாங்கவேண்டும். அதற்குச் செலவு கூட என்பதால் மேலே இருப்பவர்கள் இழுத்தடிப்பார்கள். அதுவரைக்கும் நைதரசனையும் இழுத்தெடுத்து, அறையில் வெற்றிடம் முழுதாக வந்தபின் அழுத்து, வெற்றிட மானியைப் பார்த்து உறுதி செய். ஒரே அழுத்தாக அழுத்தாமல், கொஞ்சம் அழுத்தி, பாரத்தை விட்டு, திரும்ப அழுத்திப் பார். சிலவேளை வாயு அந்த இடைவெளியில் நழுவிவிடும். வெப்பத்தைக் கூட்டினாலோ கண்ணாடி கெதியாக மூடிக்கொள்ளும், குழி இன்னும் அழகாக வரும்.

வெடிப்பு

வெடிப்பின் உதடுகளைப் பார். மழுங்கி, உருகிச் சேர்ந்ததுபோல இருந்தால் கண்ணாடி சூடாகும்போதோ அழுத்தும்போதோ வெடித்து, பிறகு பாதி ஒட்டியிருக்கிறது. நிறையக் குளிராக இருக்கையில் பாரம் இறங்கிவிட்டது. இங்கேயும் காத்திருக்கும் நேரம்தான் மருந்து. உதடுகள் சவரக்கத்தி போலக் கூராக இருந்தால் குளிரும்போது வெடித்தது.

குளிரும்போது நடப்பது ஒரு இழுபறி. அழுத்தும் கண்ணாடிகள் ஒரு பாகைக்கு நீளத்தில் கோடியில் 80, 90 பங்கு சுருங்கும்; டங்ஸ்டன் கார்பைட் அச்சு 50 பங்கு அளவில்தான். 500 பாகையிலிருந்து 200க்கு வரும்போது 10 மி.மீ. விட்டத்தில் பத்து மைக்ரோமீற்றர் அளவு வித்தியாசம். குவிவு வில்லை என்றால் கண்ணாடி உள்ளே சுருங்கி அச்சை விட்டுத் தானாகக் கழரும். குழிவு வில்லையில் அச்சின் மூக்கு கண்ணாடிக்குள் நிற்கிறது. கண்ணாடி சுருங்கச் சுருங்க அந்த மூக்கை இறுக்கிப் பிடிக்கும், கடைசியில் தானே பிளந்துவிடும். ஈர விரலில் இறுகிய மோதிரம் மாதிரி, ஆனால் இங்கே உடைவது மோதிரம்.

ஆகவே வடிவம் நிலைத்ததும், இளகுநிலைக்குக் கீழே கொஞ்சம் வந்தவுடன், மேலச்சின் பாரத்தை எடுத்துவிடு. பிடித்த பாரத்தை அறை வெப்பம் வரை கொண்டுபோகாதே. எடுத்த வில்லையைக் குளிர்ந்த இரும்புத் தட்டில் வைப்பதும் வெடிப்புத்தான். டின்னில் இருக்கும் ஐந்து வில்லைகள் அப்படி என் கையாலேயே போனவை.

ஒட்டிக்கொண்டது

அச்சு திறந்ததும் வில்லை மேலே தொங்கினால், அல்லது எடுத்தபின் வில்லையில் சிப்பி வடிவில் ஒரு துண்டு போயிருந்தால், கண்ணாடி அச்சோடு உறவு கொண்டாடத் தொடங்கிவிட்டது. இடையில் நிற்பது மெல்லிய பூச்சு ஒன்றுதான்: பிளாட்டினம்–இரிடியம், அல்லது வைரம் போன்ற காபன். அது எங்காவது தேய்ந்திருந்தால் கண்ணாடி நேரே கார்பைட்டைத் தொடும்.

என் கதை ஒன்று. நீண்ட விடுமுறை முடிந்து மெசினைத் தொடக்கிய அன்று முதல் தட்டே ஒட்டியது. வெப்பம் குறைந்ததால் சரியாக விடுபடவில்லை என்று மேலே இருந்தவர் முடிவெடுத்து எட்டுப் பாகை கூட்டச் சொன்னார். கூட்டினேன். அன்று பின்னேரம் அச்சுகளை எடுத்துப் பார்த்தால், சூடேறிய கத்தி அலகு போல நீலமும் மஞ்சளும் ஓடியிருந்தது. ஒட்சிசன் புகுந்திருக்கிறது. காபன் பூச்சு அந்த வெப்பத்தில் ஒட்சிசனைக் கண்டால் எரிந்துபோகும், அதன்பின் கார்பைட்டே ஒட்சியேறும். அறைக் கதவில் காற்றுப் புகாமல் அடைக்கும் ஓ-வளையத்தைக் கழற்றி விரலால் தடவிக்கொண்டு போனேன். கையுறையின் நூல் ஒன்று, அரை விரல் நீளம்கூட இல்லை, குறுக்கே படுத்திருந்தது. வெற்றிடம் அந்த நூலின் இரு பக்கமும் கசிந்துகொண்டிருந்தது. அச்சுச் சோடிகள் நாலு போயிற்று. விடுமுறைக்கு முன் கதவைக் கடைசியாகப் பூட்டியவன் நான் என்பதால் குற்றமும் என் தலையில்.

ஆகவே ஒட்டினால் இந்த ஒழுங்கில் போ: ஓ-வளையம், ஒட்சிசன் மானியின் அளவு, நைதரசன் சிலிண்டர் எப்போது மாறியது, பிறகு பூச்சு. இவை எல்லாம் சரியென்றால் வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டு. ஒட்டுகிற வேலைக்கு வெப்பம் கூட்டுவது நெருப்பில் நெய் விடுவதுதான்.

மங்கல்

முதலில் அற்ககோல் தோய்த்த துணியால் ஒருக்கா துடை. போனால் விரல் எண்ணெய் அல்லது ஆவிப்படிவு. போகாவிட்டால் அச்சின் சொரசொரப்பு வில்லையில் பதிந்திருக்கிறது, அல்லது கண்ணாடியின் மேற்தோலே கெட்டிருக்கிறது.

ஆவிப்படிவு எங்கிருந்து வருகிறது? சூடான கண்ணாடியிலிருந்து காரங்களும் போரனும் புளோரினும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, அச்சில் போய்ப் படிகின்றன. வெப்பம் கூடக் கூட ஆவியும் கூடும். ஐந்து வில்லை வரிசையில் மங்கல் படிப்படியாக ஏறுவது இதனால்தான். அச்சைச் சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறை, முடிந்தால் சில பாகை இறக்கு.

கெட்ட மேற்தோலை நான் கண்டது திருகோணமலையில்தான். ஊருக்கு வரும்போது ஒரே பெட்டியிலிருந்து இரண்டு உருண்டைகள் கொண்டுவந்தேன். ஒன்றைச் சிலிக்காஜெல் பையோடு டின்னுக்குள் போட்டேன். மற்றதை அக்காவின் சின்ன மகள் அழகுக்கென்று யன்னல் கட்டில் வைத்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வாடைக்காற்றும் மழையும், கடலிலிருந்து வரும் உப்பு ஈரமும். தைப்பொங்கலுக்கு யன்னல் துடைக்கும்போது எடுத்து டோர்ச்சைச் சரித்து அடித்தேன். மண்ணெண்ணெய் படிந்த தண்ணீர் போல நீலச் சாயல், இடையிடையே ஊசிமுனைப் புள்ளிகள். துடைத்தால் போகவில்லை. டின்னில் இருந்தது வாங்கிய அன்றுபோல் இருந்தது. ஈரம் கண்ணாடியின் தோலிலிருந்து காரத்தைக் கரைத்து இழுத்துவிடும். இப்படித் தோல் போன உருண்டையை அழுத்தினால் எந்த அமைப்பு வைத்தாலும் மங்கல்தான் வரும். கொரியாவிலும் யூலை மழைக்காலம் உண்டு. "பெட்டியை எப்போது திறந்தாய்?" என்று மருமகனிடம் நான் கேட்பது இதற்குத்தான்.

வடிவம் பிசகுகிறது

வில்லையின் முகத்தை அளக்கும் கருவி வரையும் கோடு ஒவ்வொரு வில்லையிலும் ஒரே மாதிரி அலைந்தால் அது நல்ல செய்தி. சுருக்கம் ஒழுங்காக நடக்கிறது. அந்த அலையைத் தலைகீழாக்கி அச்சில் வெட்டித் திருத்தலாம், அது அச்சு வெட்டுபவர்களின் வேலை. வில்லைக்கு வில்லை மாறினால் அச்சைத் திருத்தி ஒரு பிரயோசனமும் இல்லை.

வட்டமாக இல்லாமல் சேணம் போல முறுகியிருந்தால் ஒரு சோதனை. அச்சின் விளிம்பில் கோடு ஒன்று இட்டு, அடுத்த அழுத்தத்துக்கு 90 பாகை திருப்பி வை. முறுக்கு கோட்டோடு சேர்ந்து திரும்பினால் பிழை அச்சில். திரும்பாமல் மெசின் பக்கமே நின்றால் சூடு ஒரு பக்கமாக ஏறுகிறது. பெரும்பாலும் விளக்கு ஒன்று வலுவிழந்திருக்கும்.

வடிவம் சரி, குவியம் சரியில்லை

இதில்தான் பெடியன்கள் தலையைப் பிய்ப்பார்கள். அளவீடு எல்லாம் பச்சை, குவியத்தூரம் மட்டும் நீண்டிருக்கும். பிழை வடிவத்தில் இல்லை, முறிவுச் சுட்டியில், அதாவது கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண்ணில். காட்டலொக்கில் போட்டிருக்கும் சுட்டி மணிக்கு 2 பாகை போன்ற மிக மெதுவான குளிர்த்தலுக்கு உரியது. நாங்கள் நிமிடத்துக்குப் பத்துக் கணக்கில் இறக்குகிறோம். கண்ணாடி நெருக்கமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் தளர்வாகவே உறைந்துவிடுகிறது, சுட்டி மூன்றாம் தசமத்தில் விழுகிறது. 0.002 முதல் 0.006 வரை விழுவது வழக்கம். 1.587 சுட்டி 0.003 குறைந்தால் குவியத்தூரம் அரை வீதம் நீளும். 10 மி.மீ. குவியத்தில் 50 மைக்ரோமீற்றர்.

இதற்கு மெசினில் தேடக்கூடாது. வடிவமைத்தவர் அழுத்தியபின் வரும் சுட்டியை வைத்துக் கணக்குப் போட்டாரா என்று கேள். போட்டிருந்தால், குளிர்த்தல் வேகத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வேகம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

உள்ளே தகைப்பு, அதாவது குளிர்ந்தபின்னும் உறைந்து நிற்கும் இழுபறி, நிற்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மடிக்கணினித் திரையை வெள்ளையாக்கி, வில்லையை அதன் முன் பிடித்து, போலரோயிட் வெயில் கண்ணாடியால் பார். கண்ணாடியைத் திருப்பித் திரை கறுக்கும் இடத்தில் நிறுத்து. நல்ல வில்லை கறுப்பிலேயே மறையும். தகைப்புள்ளது சாம்பல் சிலுவையாக ஒளிரும். கறுக்காத திரைகளும் உண்டு, வேறொன்றில் பார்.

சாய்வு

விளிம்புத் தடிப்பை நாலு இடத்தில் அள. எதிரெதிரே வித்தியாசம் வந்தால் சிலீவைச் சுத்தம் செய், அச்சுத் தோளில் கண்ணாடித் தூள் இருக்கிறதா என்று பார். 20 மி.மீ. நீளமான சிலீவில் 4 மைக்ரோமீற்றர் இடைவெளி இருந்தாலே பாகையில் 0.01 அளவு சாயும்.

நிறம் மாறிய வில்லை

உயர் சுட்டிக் கண்ணாடிகளில் டைட்டானியம், நயோபியம், டங்ஸ்டன், பிஸ்மத் சேர்ந்திருக்கும். எங்கள் புல்மோட்டைக் கரையில் அள்ளும் கருமணலில் இருக்கும் டைட்டானியமேதான். ஒட்சிசன் இல்லாத அறையில், காபன் பூச்சின் பக்கத்தில், நிறைய வெப்பத்தில் இவை ஒட்சிசனை இழந்து நிறம் காட்டும்: ஊதா, நீலம், கபிலம். இங்கே வெப்பத்தையும் நேரத்தையும் இரண்டையும் குறைக்கவேண்டும். வந்த நிறம், காற்றில் இளகுநிலைக்குக் கீழே வைத்துச் சூடாக்கினால் பெரும்பாலும் திரும்பிப் போகும், ஆனால் வடிவத்தைத் திரும்ப அளக்கவேண்டும்.

நேற்று வந்த படத்தில் இருந்தது இந்த ஊதாதான் என்று நினைக்கிறேன். போன் கமராவின் நிறத்தை நம்பமுடியாது, உருண்டைப் பெட்டியின் சீட்டைப் படமெடுத்து அனுப்பு என்று எழுதினேன். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை.